எஃகுத் தலைக்கவசம் (கவசச் சண்டை)

எஃகுத் தலைக்கவசம் என்பது வாள், கதை, கோல் போன்ற கைப்படைகளின் அடியிலிருந்து தலை, முகம், கழுத்து ஆகிய உறுப்புகளைக் காப்பதற்காக எஃகுத் தகட்டினால் செய்து அணியப்படும் கவசம் ஆகும். துப்பாக்கிகள் பரவிய பின்னர் போர்க்களத்தில் இவ்வகைத் தலைக்கவசத்தின் பயன்பாடு குறைந்தது. எனினும் பழைய போர்முறைகளை விளையாட்டாக மீட்டெடுக்கும் கவசச் சண்டையில் இன்றும் இது இன்றியமையாத கருவியாக உள்ளது. இந்தியாவில் எஃகுத் தலைக்கவசங்கள் பெரும்பாலும் அருங்காட்சியகப் பொருட்களாகவே காணப்படுகின்றன.

தலைக்கவசம் காப்பளிப்பதற்குத் தகட்டின் தடிப்பு மட்டும் போதுமானதன்று. அணிபவரின் தலைக்கு அது பொருந்தியிருக்க வேண்டும். உள்ளணை அடியின் விசையைத் தாங்க வேண்டும். தாடைப்பட்டை அதனைத் தலையோடு பிணைத்திருக்க வேண்டும். துரு, விரிசல் ஆகியன இல்லாதவாறு பேணப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் நல்ல எஃகும் பயனற்றதாகிவிடும்.

பெயர்

வடமொழியில் தலைக்கவசம் சிரத்திராணம் எனப்படும். கௌடில்யரின் அர்த்தசாத்திரத்தில் கவச வகைகளுள் ஒன்றாக இது குறிப்பிடப்படுகின்றது. முகலாயர் காலத்திலும் அதன் பின்னரும் வட இந்தியாவிலும் தக்காணத்திலும் வழங்கிய கிண்ண வடிவத் தலைக்கவசம் பாரசீகப் பெயரால் குலா கூத் என்றும், இந்துத்தானியில் டோப் என்றும் அழைக்கப்பட்டது. இன்று தமிழில் தலைக்கவசம் என்னும் சொல் பெரும்பாலும் ஈருருளி ஓட்டுநர் அணியும் எல்மெட்டையே குறிக்கின்றது. இவ்விரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. அது கீழே விளக்கப்பட்டுள்ளது.

வரலாறு

இந்தியத் தலைக்கவசங்கள்

குலா கூத் வகைத் தலைக்கவசம் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற வடிவம் உடையது. உச்சியில் ஒரு கூர்முனையும், நெற்றியின் இருபுறமும் இறகு செருகுவதற்கான இரு குழல்களும் இருக்கும். மூக்கைக் காக்கும் பட்டை மேலும் கீழும் நகரக்கூடியது. தேவையற்றபோது மேலே உயர்த்தித் திருகாணியால் இறுக்கலாம். விளிம்பிலிருந்து தொங்கும் இரும்பு வளையப் பின்னல் காது, கன்னம், பிடரி ஆகியவற்றை மறைக்கும். தலைக்கும் எஃகுக்கும் இடையே தைத்த பஞ்சுத் தொப்பியோ தலைப்பாகைத் துணியோ இருக்கும்.

தென்னிந்தியாவில் முழு எஃகுக் கவசத்தை விடப் பஞ்சு, தோல் ஆகியவற்றாலான கவசங்களே மிகுதியாக வழங்கின. ஏறத்தாழ 1520ஆம் ஆண்டில் விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கேயப் பயணி டொமிங்கோ பாயசு, படைவீரர்களின் உடுப்புகள் பல மடிப்புகளாகத் தைக்கப்பட்டுத் தோலும் இரும்பும் இடப்பட்டிருந்ததையும், கழுத்தையும் முகத்தையும் மறைக்கும் தலைக்காப்புகள் அதே முறையில் செய்யப்பட்டிருந்ததையும் விவரித்துள்ளார். மைசூரின் திப்பு சுல்தானுக்கு உரியவை எனக் கருதப்படும் தலைக்காப்புகளிலும் பஞ்சு அடைத்துத் தைத்த வகை உண்டு. வெப்பமான நாட்டில் எடை குறைந்த கவசம் தேவைப்பட்டது இதற்கு ஒரு காரணம் ஆகும். அடைப்பே அடியின் விசையை உறிஞ்சுகின்றது என்னும் உண்மையும் இக்கவசங்களில் வெளிப்படுகின்றது.

தஞ்சாவூர் ஆயுதச்சாலை

தமிழகத்தில் கவசங்கள், படைக்கலங்கள் ஆகியவற்றின் மிகப் பெரிய திரட்டு தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தது. 1855இல் தஞ்சாவூர் மராத்திய அரசு முடிவுக்கு வந்த பின்னர் அவ்வாயுதச்சாலை கலைக்கப்பட்டது. குவியல் குவியலாகக் கொண்டுவரப்பட்ட படைக்கலங்களுள் சிறந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. ஆங்கிலேய அதிகாரியான எம். ஜே. வால்ஹவுசு இதனை 1878இல் இந்தியன் ஆண்டிக்குவரி இதழில் எழுதிய கட்டுரையில் பதிவு செய்துள்ளார். தேர்ந்தெடுக்கப்பட்டவற்றைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்தில் காணலாம்.

புதுக்கோட்டைப் பகுதி

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் இரும்புத் தொழில் மிகப் பழமையானது. புதுக்கோட்டை நகருக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் மண்கோட்டையின் எச்சங்களும் இரும்பு உருக்கியதற்கான சான்றுகளும் உள்ளன. அங்கு 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் அகழாய்வு மேற்கொண்டன. தென்னிந்தியாவின் மூசை உருக்கு பிற்காலத்தில் ஊட்சு எஃகு என்னும் பெயரில் ஐரோப்பிய அறிவியலாளரின் கவனத்தைப் பெற்றது. சியார்ச் பியர்சன் 1795இல் இதனைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை வழங்கினார். கரிமம் மிகுந்த இவ்வெஃகு பெரும்பாலும் வாள் அலகுகளுக்கே பயன்பட்டது. தலைக்கவசத்துக்கு வளைந்து கொடுக்கும் தன்மையுள்ள, கரிமம் குறைந்த தகடே ஏற்றது.

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டை அரசு, கருநாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் ஆங்கிலேயர் பக்கம் நின்றது. இவ்வரசின் ஆயுதச்சாலையில் வளரித்தடிகள் இருப்பில் வைக்கப்பட்டிருந்த செய்தி, எட்கர் தர்சுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல்தொகுதியில் காணப்படுகின்றது. எறிந்து தாக்கும் வளரி, சுழற்றி அடிக்கும் சிலம்பக் கோல் ஆகிய இரண்டும் வெட்டாமல் மோதலால் காயப்படுத்தும் படைகள். இவ்வகை அடிக்கு எதிராகத் தலையைக் காக்கும் சிக்கலே இன்றைய கவசச் சண்டையிலும் எழுகின்றது. புதுக்கோட்டை அரசு 1948 மார்ச்சு 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல் நிறுவப்பட்டது.

நவீன கவசச் சண்டை

1966இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பெர்க்கிலியில் சொசைட்டி பார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம் என்னும் அமைப்பு தோன்றியது. இதன் கவசச் சண்டையில் பிரம்பினால் செய்த வாள்களும் எஃகுத் தலைக்கவசங்களும் பயன்படுகின்றன. இதற்கு மாறாக, புகுர்த் எனப்படும் போட்டிகளில் மழுங்கிய எஃகு வாள், கோடரி ஆகியன பயன்படுகின்றன. நாடுகளின் சமர் என்னும் பன்னாட்டுப் போட்டி 2010இல் உக்ரைனின் கோதின் கோட்டையில் நடைபெற்றது. பன்னாட்டு இடைக்காலச் சண்டைக் கூட்டமைப்பின் போட்டி 2014இல் எசுப்பானியாவின் பெல்மோன்ட்டே கோட்டையில் நடைபெற்றது. எஃகுப் படைகளைப் பயன்படுத்தும் போட்டிகளுக்குப் பிரம்புச் சண்டையை விடத் தடித்த அல்லது கடினமாக்கப்பட்ட தகடு தேவை.

அமைப்பும் தகடும்

பிரம்புச் சண்டைக்கான தலைக்கவசத்தின் தகடு குறைந்தது 16 கேசு, அதாவது ஏறத்தாழ 1.6 மி.மீ. தடிப்புள்ள மென்னெஃகாக இருத்தல் வேண்டும் என்பது மேற்கூறிய அமெரிக்க அமைப்பின் விதி. கேசு எண் குறையக் குறையத் தடிப்பு கூடும் என்பதைத் தகடு வாங்குவோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 7.85 கிராம்/க.செ.மீ. ஆதலால் 1.6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 12.6 கிலோகிராமும், 2 மி.மீ. தகடு 15.7 கிலோகிராமும் இருக்கும். ஒரு தலைக்கவசத்தின் பரப்பு 0.2 சதுர மீட்டர் எனக் கொண்டால் அதன் எடை முறையே 2.5, 3.1 கிலோகிராம் ஆகும். உள்ளணையும் பட்டைகளும் இதற்கு மேல் சேரும். எடை கூடினால் அடியின்போது தலை பெறும் முடுக்கம் குறையும். ஆனால் கழுத்துத் தசைகள் விரைவில் களைப்படையும். ஆகவே தடிப்பை வரம்பின்றிக் கூட்டுவது தீர்வாகாது.

முகக்காப்பின் கம்பிகள் மென்னெஃகாயின் குறைந்தது 4.8 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும். குறுக்குக் கம்பிகளின் இடைவெளி 50.8 மி.மீ.க்குக் குறைவாயின் 3.2 மி.மீ. கம்பியும் ஏற்கப்படும். 25.4 மி.மீ. விட்டமுள்ள உருளைக் கட்டை எந்தத் துளையின் வழியாகவும் உள்ளே நுழையக் கூடாது. தலையை நிமிர்த்தி நிற்கும்போது முகக்காப்பு தாடையின் கீழ்விளிம்புக்குக் கீழே குறைந்தது 25.4 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். இவை அனைத்தும் பிரம்புப் படைக்கு வகுக்கப்பட்டவை. எஃகு வாள் முனைக்கு இந்த இடைவெளி பாதுகாப்பானதன்று.

அளவெடுத்தலும் பொருத்துதலும்

தலையின் அளவு

புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்தின் வழியாக அளவுநாடாவைச் சுற்றித் தலையின் சுற்றளவு எடுக்கப்படுகின்றது. நெற்றியிலிருந்து பின்மண்டை வரையான நீளம், காதுகளுக்கு மேலுள்ள அகலம், உச்சியிலிருந்து தாடை வரையான உயரம் ஆகியனவும் தேவை. ஒரே சுற்றளவுள்ள இருவரின் தலைகள் வேறு வேறு வடிவில் இருக்கக் கூடும். ஆதலால் சுற்றளவை மட்டும் கொண்டு தலைக்கவசம் செய்தால் அது நெற்றியில் அழுத்தியும் காதோரம் தளர்ந்தும் நிற்கும்.

உள்ளணைக்கு விட வேண்டிய இடத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம். உள்ளணையின் தடிப்பு த எனில், நீளத்துடனும் அகலத்துடனும் 2 × த கூட்ட வேண்டும். சுற்றளவுடன் 2 × 3.14 × த கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 57 செ.மீ. சுற்றளவும், 20 செ.மீ. நீளமும், 16 செ.மீ. அகலமும் உள்ள தலைக்கு 1.3 செ.மீ. தடிப்புள்ள உள்ளணை இடுவதாயின், தலைக்கவசத்தின் உட்புற நீளம் 22.6 செ.மீ., அகலம் 18.6 செ.மீ., சுற்றளவு ஏறத்தாழ 65 செ.மீ. இருக்க வேண்டும். தலையை விட 8 செ.மீ. கூடுதலான சுற்றளவு பார்வைக்குப் பெரிதாகத் தோன்றினும் அதுவே சரியான அளவாகும். தலையை ஒட்டிச் சிறிதாகச் செய்த கவசத்தில் பின்னர் உள்ளணைக்கு இடமிருக்காது.

உள்ளணை

அடியின் ஆற்றல் மாறாதிருக்கும்போது, அது நிறுத்தப்படும் தொலைவு இருமடங்கானால் சராசரி விசை பாதியாகும். உள்ளணையின் பணி இத்தொலைவை அளிப்பதே. தலையில் படக்கூடிய எல்லா எஃகுப் பகுதிகளிலும் குறைந்தது 12.7 மி.மீ. தடிப்புள்ள மூடிய நுண்ணறை நுரை அல்லது அதற்கு இணையான அணை இருக்க வேண்டும். அல்லது தலை எஃகைத் தொடாதவாறு பட்டைகளால் தொங்கவிடப்பட வேண்டும்.

மூடிய நுண்ணறை நுரையில் காற்று சிறு சிறு அறைகளுக்குள் அடைபட்டிருக்கும். அழுத்தினால் அது எதிர்த்து மீளும்; வியர்வையை உறிஞ்சாது. ஓகப் பயிற்சி விரிப்புகளிலும் ஈ.வி.ஏ. செருப்பு அடித்தட்டுகளிலும் இவ்வகை நுரை காணப்படுகின்றது. மெத்தை, சோபா ஆகியவற்றில் இடப்படும் பஞ்சுநுரை திறந்த நுண்ணறை உடையது. அது அடிபட்டவுடன் முற்றிலும் தட்டையாகிவிடும். வியர்வையை உறிஞ்சி உள்ளிருந்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். ஒரு துண்டை நீரில் அமிழ்த்திப் பிழிந்து பார்த்தால் இரண்டையும் எளிதில் வேறுபடுத்தலாம்.

பழைய முறையில், பல இதழ்களாகத் தைத்துப் பஞ்சு அடைத்த துணி உள்ளணை பயன்பட்டது. இதழ்களின் நுனியைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவதன் மூலம் தலை எவ்வளவு ஆழம் உள்ளே செல்லும் என்பதை மாற்றலாம். இவ்வகையில் பஞ்சை இறுக்கமாக அடைக்க வேண்டும். பஞ்சு நாளடைவில் படிந்துவிடும் ஆதலால் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

அணையை எஃகில் நேரடியாக ஒட்டுவதை விடப் பிரித்தெடுக்கக் கூடியவாறு கொக்கிப் பட்டைகளால் பொருத்துவது நல்லது. ஒட்டிய அணைக்கும் தகட்டுக்கும் இடையே வியர்வை தங்கினால் அங்கு தோன்றும் துரு கண்ணுக்குத் தெரியாமலே வளரும்.

தாடைப்பட்டை

தாடைப்பட்டை குறைந்தது 12.7 மி.மீ. அகலமுள்ளதாகவும் கொளுவியால் பூட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அழுத்துப் பொத்தான் அடியின்போது கழன்றுவிடும் ஆதலால் ஏற்கப்படுவதில்லை. பட்டை ஒவ்வொரு பக்கமும் காதுக்கு முன்னும் பின்னுமாக இரு இடங்களில் தறையப்பட்டால் தலைக்கவசம் முன்னோக்கியோ பின்னோக்கியோ உருளாது. பட்டை குரல்வளை மீது படாமல் தாடை எலும்பின் அடியில் படுமாறு அமைய வேண்டும்.

பொருத்தம் சரிபார்த்தல்

தலைக்கவசத்தை அணிந்து பட்டையைப் பூட்டிய பின்னர் பின்வருவன சரிபார்க்கப்பட வேண்டும்:

1. முகக்காப்பைப் பிடித்து இடமும் வலமும் திருப்பும்போது தலையும் உடன் திரும்ப வேண்டும்.
2. பின்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கும்போது தலைக்கவசம் கண்களின் மீது சரியக் கூடாது.
3. முகக்காப்பை உள்நோக்கி அழுத்தும்போது மூக்கு, உதடு, தாடை ஆகியன கம்பியைத் தொடக் கூடாது.
4. கண் துளையின் வழியாகத் தலையைக் குனியாமல் எதிர் நிற்பவரின் பாதம் தெரிய வேண்டும்.
5. தலையைப் பின்னே சாய்க்கும்போது பின்விளிம்பு கழுத்து எலும்பில் குத்தக் கூடாது.
6. பத்து நிமிடம் அணிந்த பின்னும் ஓர் இடத்தில் மட்டும் வலி தோன்றினால் அவ்விடத்து அணையை மெலிதாக்காமல், சுற்றியுள்ள அணையைத் தடிப்பாக்க வேண்டும்.

இச்சோதனைகளைச் சண்டையின்போது அணியும் துணித் தொப்பியுடனேயே செய்ய வேண்டும். முடி வெட்டிய பின்னரும், உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு மாறிய பின்னரும் மீண்டும் செய்தல் நலம்.

ஈருருளித் தலைக்கவசத்துடன் ஒப்பீடு

இந்தியாவில் ஈருருளித் தலைக்கவசங்கள் ஐ.எசு. 4151 என்னும் இந்தியத் தரத்துக்கு உட்பட வேண்டும். அவற்றின் உள்ளே உள்ள நுரை ஒரு பெரிய மோதலில் நொறுங்கி ஆற்றலை உறிஞ்சுவதற்காக அமைந்தது; நொறுங்கிய நுரை மீண்டும் எழாது. எனவே ஒரு விபத்துக்குப் பின் அத்தலைக்கவசத்தை மாற்ற வேண்டும். கவசச் சண்டையில் ஒரே நாளில் பல அடிகள் விழும். ஆகவே அதற்கு மீளும் அணையும் நசுங்காத ஓடும் தேவை. ஈருருளித் தலைக்கவசத்தை அணிந்து கோல் அல்லது வாள் சண்டையிடுவதும், எஃகுத் தலைக்கவசத்தை அணிந்து வண்டி ஓட்டுவதும் ஆகிய இரண்டும் ஆபத்தானவை.

பராமரிப்பு

துரு

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் உயிர்வளியும் தேவை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடக்கும்போது துருப்பிடித்தல் விரைவுபடும். உப்பு இருந்தால் இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே துரு தொடங்கும். பாக்கு நீரிணையை ஒட்டிய மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு கலந்திருக்கும். உள்நாட்டுப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழைக் காலமே கவனத்துக்குரியது. எங்கும் பொதுவான உப்பு, அணிபவரின் வியர்வை ஆகும்.

பயன்பாட்டுக்குப் பிந்திய செயல்முறை:

1. உள்ளணையைக் கழற்றி நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். கடும் வெயில் நுரையை விரைவில் நொறுங்கச் செய்யும்.
2. எஃகின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து உப்பை நீக்கி, உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்பின் மீது நேரடியாக எண்ணெய் பூசினால் துரு எண்ணெய்க்கு அடியில் வளரும்.
3. தையல் எந்திர எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெயை மிக மெலிதாகப் பூச வேண்டும். நீண்ட நாள் வைப்பதாயின் மெழுகு பூசுவது சிறந்தது.
4. தறையாணிகளைச் சுற்றியும் கீல்களிலும் வளையப் பின்னலிலும் ஒரு துளி எண்ணெய் இட வேண்டும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியன எளிதில் கிடைப்பினும் ஏற்றவையல்ல. இவை நாட்பட்டால் சிக்குப்பிடித்துக் கொழுப்பு அமிலங்களை வெளிவிடும்; நல்லெண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடித்து வைக்கும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளியும் எலுமிச்சையும் எஃகுக்கு ஆகா. அவற்றின் அமிலம் துருவை நீக்கினாலும், தறையாணி இடுக்குகளில் தங்கிப் புதிய துருவுக்கு வழிவகுக்கும்.

மேலோட்டமான துருவை மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும், பின்னர் 400, 800 எண் உப்புத்தாளாலும் ஒரே திசையில் தேய்த்து நீக்கலாம். குழி விழுந்த துருவில் குழியின் அடி தெரியும்வரை தேய்த்தால் தகடு மெலியும். அத்தகைய இடத்தின் எஞ்சிய தடிப்பைக் கவை அளவியால் அளந்து, 1.6 மி.மீ.க்குக் குறைந்திருப்பின் அக்கவசத்தைச் சண்டையிலிருந்து விலக்க வேண்டும்.

நசுக்கம், விரிசல், பற்றவைப்பு

நசுங்கிய இடத்தை உள்ளிருந்து உருண்டை முகப்புள்ள சுத்தியலாலும் அடைகல்லாலும் தட்டி எடுக்கலாம். ஒவ்வொரு முறை தட்டும்போதும் தகடு சிறிது மெலியும். வேலைப்பாட்டால் கடினமாகி நொறுங்கும் தன்மையும் பெறும். ஒரே இடம் பலமுறை நசுங்கித் திருத்தப்பட்டிருந்தால் அங்கு விரிசல் தேடிப் பார்க்க வேண்டும்.

மயிரிழை விரிசலைக் கண்டறியப் பட்டறைகளில் ஓர் எளிய முறை உண்டு. ஐயத்துக்குரிய இடத்தின் ஒரு பக்கத்தில் சுண்ணக்கட்டியைக் குழைத்துப் பூசி உலரவிட்டு, மறு பக்கத்தில் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். ஊடுருவும் விரிசல் இருப்பின் மண்ணெண்ணெய் அதன் வழியே கசிந்து வெண்பூச்சில் கோடாகத் தெரியும். முகக்காப்புக் கம்பிகளின் பற்றவைப்பு இடங்கள் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் இவ்வாறோ, கண்ணால் நுணுகியோ பார்க்கப்பட வேண்டும். தளர்ந்த தறையாணியைத் தலைக்கவசத்தை மெல்லத் தட்டும்போது எழும் கடகடப்பால் அறியலாம்.

வெப்பப் பதனிட்ட எஃகில் பற்றவைப்பதோ, வளிச்சுடரால் சூடாக்குவதோ அவ்விடத்தின் கடினத்தைப் போக்கிவிடும். இதனைத் திருத்த முழுக் கவசத்தையும் மீண்டும் பதனிட வேண்டும். நாகம் பூசிய தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கக் கூடியது. ஆதலால் அத்தகடு இப்பணிக்கு ஏற்றதன்று.

வெப்பமும் காற்றோட்டமும்

கோடைக்காலத்தில் புதுக்கோட்டை போன்ற உள்மாவட்டங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை நெருங்கும். வெயிலில் வைத்த எஃகு காற்றை விட மிகுதியாகச் சூடேறும். வெண்துணி உறை இச்சூட்டைக் குறைக்கும். காற்றுத் துளைகளை முகத்தின் கீழ்ப்பகுதியில், படையைப் பிடித்துள்ள கைப்புறத்தில் இடுவது வழக்கம். துளைகள் சிறியனவாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருந்தால் தகட்டின் வலிமை குறையாது.

தலைக்கவசத்தின் வரம்பு

தலைக்கவசம் மண்டையோட்டு முறிவையும் வெட்டுக் காயத்தையும் பெருமளவு தடுக்கும். ஆனால் மூளை அதிர்ச்சியை முற்றிலும் தடுக்காது. அடியின்போது தலை சடுதியாகத் திரும்புவதால் மண்டையோட்டுக்குள் மூளை அசைகின்றது. இதனை எத்தகடும் நிறுத்த இயலாது. கவசத்தில் சிறு நசுக்கமும் இல்லாதபோதும் மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கக் கூடும்.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், மங்கிய பார்வை, நடந்ததை மறத்தல், கேள்விக்குத் தாமதமாக விடையளித்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் அவர் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. மருத்துவரின் ஒப்புதலின்றிப் பின்னரும் சண்டையிடக் கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுமுன் விழும் இரண்டாம் அடி உயிருக்கே ஆபத்தாகலாம். நினைவிழந்தவருக்கு அல்லது கழுத்து வலி உள்ளவருக்கு மூச்சுத் தடை இல்லாதவிடத்துத் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாமல், தலையை அசையாது பிடித்துக்கொண்டு 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். மூச்சு தடைப்பட்டால் ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றவர் தாடைப்பட்டையை வெட்டிக் கவசத்தை நேராக எடுக்க வேண்டும்.

பழந்தலைக்கவசங்களைப் பேணுதல்

மேற்கூறிய பராமரிப்பு முறைகள் புதிதாகச் செய்த கவசங்களுக்கே உரியன. பழங்காலத் தலைக்கவசங்களை உப்புத்தாளால் தேய்த்தால், எஃகின் மீது பொன், வெள்ளிக் கம்பிகளைப் பதித்துச் செய்த வேலைப்பாடும் ஊட்சு எஃகின் அலைவரிகளும் மீட்க இயலாதவாறு அழியும். அவற்றைச் சண்டைக்கு அணிவதும் தகாது. உள்ளே அரித்துப் போன தகடு வெளியே உறுதியாகத் தோன்றக் கூடும்.

அருங்காட்சியகங்களில் இரும்புப் பொருட்கள் உலர்ந்த சூழலில், சிலிக்கா களிமத்துடன் கூடிய பேழைகளில் வைக்கப்படுகின்றன. கையின் வியர்வை படாதிருக்கக் கையுறை அணிந்தே அவை தொடப்படுகின்றன. நிலைபெற்ற துருப்படலத்தின் மீது தானிக் அமிலமும் நுண்படிக மெழுகும் பூசப்படுவதுண்டு. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930களில் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது, அங்கு எசு. பரமசிவன் உலோகப் பொருட்களை மின்பகுப்பு முறையில் மீட்டெடுக்கும் பணியில் முன்னோடியாக விளங்கினார்.

நிலத்தில் புதைந்த பழம்பொருள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட கவசங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின் கீழ் தொல்பொருள் ஆகும். அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல இயலாது. வீட்டுப் பரணில் கிடைத்த துருப்பிடித்த தலைக்கவசத்தைத் தூய்மை செய்ய முற்படாமல், கிடைத்த நிலையிலேயே உலர்ந்த இடத்தில் வைத்து அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தை அணுகுவது ஏற்றது. தஞ்சாவூர் ஆயுதச்சாலையின் பெரும்பகுதி பழைய இரும்பு விலைக்குப் போனதனால், எஞ்சியுள்ள ஒவ்வொரு கவசமும் தமிழகப் போர்க்கலை வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாகின்றது.

இவற்றையும் பார்க்க

வளரி
சிலம்பம்
ஊட்சு எஃகு
பொற்பனைக்கோட்டை
புதுக்கோட்டை சமத்தானம்
அரசு அருங்காட்சியகம், சென்னை
மூளை அதிர்ச்சி